தாலி கட்டும் நேரத்துக்கு எந்தப் பாட்டு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. உறையைக் கையில் வாங்கியதுமே அது கனத்த கனத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஒன்பது பக்கம் எழுதுகிறான் என்றால் பெற்றவள் என்ன நினைப்பாள்? பெண்ணைப் பிடிக்கவில்லையோ, வேலை போய்விட்டதோ, காய்ச்சலில் படுத்துவிட்டானோ என்று அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். ஒன்பது பக்கமும் பாட்டு. பக்கத்துக்கு ஓர் ஆல்பமாக ராக் மூன்று, ஜாஸ் இரண்டு, கன்ட்ரி இரண்டு, ப்ளூஸ் இரண்டு. கல்யாணத்தன்று எதை எப்போது போட வேண்டும், எந்தப் பாட்டை விட்டுவிடக் கூடாது, எந்த இடத்தில் கிடாரைக் கவனிக்க வேண்டும் என்று பரீட்சைக்கு நோட்ஸ் எடுக்கிற பையனைப் போல எழுதியிருக்கிறாய். 'அம்மா, பொறுமையாகக் கேள்' என்று மூன்று இடத்தில் அடிக்கோடு வேறு. பொறுமையைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாய். அந்த ஒன்பது பக்கத்தில், நீ தாலி கட்டும் நேரத்தில் உன் அம்மா எங்கே நிற்பாள் என்று ஒரு வரி கிடையாது. பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் பாட்டுகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கேட்காமலே சண்டைக்கு வருகிறாள் என்பாய்.

பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கக் கொடுத்த தாளை உன் பெரியப்பா போன வாரம் கொண்டுவந்து காட்டினார். மேலே சாமி படம். அதற்குக் கீழே 'காலஞ்சென்ற' என்று போட்டு உன் அப்பா பெயர். அழைக்கிறவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் ஸ்தானத்தில் மணையில் உட்காரப் போகிறவர்களும் அவர்களே. என் பெயர் எங்கேயும் இல்லை. நம் சனத்தில் அப்படித்தான் அடிக்கிறார்கள், நான் பார்க்காத பத்திரிகையா? அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உனக்கும் ஒரு தாள் தபாலில் வந்ததாமே. நீ அதைப் பார்த்துவிட்டு, பெங்களூர் நண்பர்களுக்கு வழி தெரியாது, மண்டபத்துக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப் பெயரையும் சேருங்கள் என்று போன் பண்ணிச் சொன்னாயாமே. பஸ் ஸ்டாப்புக்கு இடம் இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தம்பி. இதை நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் அப்பா போனபோது நீ ஐந்தாம் வகுப்பு. ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு மைக், நான்கு குழாய் ஸ்பீக்கர், இவ்வளவுதான் அவர் வைத்துவிட்டுப் போனது. விற்றுவிடலாம் என்றார்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். பொம்பளை மைக் செட் போடுவதா என்று சிரித்தார்கள். முதல் ஆறு மாதம் எழவு வீட்டுக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். தாலி இல்லாதவள் அங்கே வரலாம் அல்லவா? பிறகு மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்த செட்டுக்காரர் வராமல் போக, வேறு வழியில்லாமல் என்னைக் கூட்டிப்போனார்கள். பந்தலுக்குப் பின்னால், விறகு அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தென்னந்தட்டியை மறைப்பாகக் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊரிலும் அந்தத் தட்டி எனக்கு முன்னாலேயே தயாராக இருக்கும். பாட்டு வரலாம், முகம் வரக் கூடாது. முகூர்த்த நேரத்தில் பெரியவர் யாராவது மேடையில் கையைத் தூக்குவார், அதைப் பார்த்துப் பந்தலின் ஓரத்தில் நிற்கிறவர் எனக்குக் கையைக் காட்டுவார், நான் பாட்டை இறக்கிவிட்டு நாதஸ்வரத்து மைக்கை ஏற்றிவிடுவேன். ஒரு கல்யாணத்தில்கூட ஒரு நொடி பிந்தியதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு தாலி கட்டுவதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. என் கூடப்பிறந்தவன் கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, உன் ராக். நீ பட்டியல் போட்டிருக்கிற ஒன்பதும் எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒன்றைக் கொண்டுவந்து, 'சும்மா கேட்டுப் பாரும்மா' என்று டிவி மேல் வைத்துவிட்டுப் போவாய். கேட்டேனா என்று ஒரு நாளும் நின்று விசாரித்ததில்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். முதல் ராக் கேசட்டைப் போட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. கிடார் கரகரவென்று கிழிகிறது. ஆம்ப்ளிபயர் போய்விட்டது என்று நினைத்து அணைத்தேன். குழாயை மாற்றினேன், வயரை மாற்றினேன், மறுபடியும் அதே கரகரப்பு. அடுத்த வாரம் திருச்சுழியில் ஒரு காதுகுத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். பாளையம்பட்டியிலிருந்து ரேடியோ மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி, இரண்டு டீ குடித்து, கடைசியில் ஒரு சாமி பாட்டைப் போட்டுப் பார்த்தார். கணீரென்று கேட்கிறது. உன் கேசட்டைப் போட்டார். கிழிகிறது.

"ஏக்கா, செட்டு நல்லாத்தான இருக்கு. அந்தப் பயக வாசிக்கிறதே அப்பிடித்தேன் போல. காசு குடுத்து வாங்கிக் கரகரங்க வச்சிருக்கானுக" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நீ பக்கத்தில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. ஒரு மைக் செட்டுக்காரி ஆயுசு முழுக்க எந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாளோ, அதே சத்தத்தை ஒருவன் வேண்டுமென்றே வரவழைத்து ஆல்பம் போடுகிறான், அதற்கு என் மகன் ஒரு பக்கம் எழுதுகிறான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் இரண்டாவதை, ரயில் தண்டவாளம் படம் போட்டதை, நான் நாலைந்து தடவை கேட்டேன். அதில் கோபம் இருக்கிறது, ஆனால் யாரையும் திட்டவில்லை. அந்த மாதிரிக் கோபப்பட எனக்கும் ஆசைதான். மற்ற இரண்டும் வேண்டாம். மண்டபத்தில் குழந்தைகள் தூங்கும்.

ஜாஸ் இன்னும் மோசம். டேப் இழுக்கிறது, பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்பிரிட்டை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன், பெல்ட்டைப் புதிதாக மாட்டினேன். அவர்கள் பாட்டுக்கு ஒருவர் முன்னால் போகிறார், ஒருவர் பின்னால் வருகிறார், ஒருவர் எங்கேயோ போய்விட்டார். நாலாவது தடவைதான் பிடிபட்டது. எல்லோரும் வேண்டுமென்றே திசைக்கு ஒருவராகப் போய்விட்டு, சொல்லி வைத்தாற்போல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. போன ஆவணியில் ஒரு வீட்டில் சமையல் நடக்கும்போது மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். தலைமைச் சமையல்காரர் வெளியே வந்து, "என்னக்கா பாட்டு இது? வார்த்தையே இல்ல. ஆனா இதையே ஓடவிடுங்க, பயக வெங்காயத்த வெரசா முடிக்கிறாங்ய" என்றார். எனவே உன் ஜாஸ் இரண்டும் சமையல்கட்டுக்கு. நீ எழுதியிருக்கிறாயே, தாலி கட்டும்போது அந்த டிரம்பெட் பாட்டைப் போடு என்று, அப்போது நாதஸ்வரக்காரர் என்ன விரலைச் சூப்பிக்கொண்டு நிற்பாரா? புத்தி எங்கே போயிற்று உனக்கு? கெட்டிமேளத்துக்குப் பதில் கேசட்டா? ஒன்பது பக்கத்திலும் அந்த ஒரு பக்கத்தைத்தான் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன்.

கன்ட்ரியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். இரண்டுமே நல்ல ஆல்பம். பேசுகிற மாதிரியே பாடுகிறார்கள். திருச்சுழிக் காதுகுத்தில் கூட்டம் கலைந்த பிறகு ஒன்றைப் போட்டேன். கரி மூட்டை ஏற்றுகிற லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே தட்டி ஓரமாக வந்து நின்றார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இவன் நம்ம தொழில்க்காரந்தேன் ஆத்தா. லோடு எறக்கிட்டு வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு வாரப்ப வர்ற பாட்டு இது. இங்கிலீசு தெரியாட்டி என்ன?" என்றார். நீ இரண்டு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரத்துக்கு இந்த இரண்டும் சரியாக இருக்கும்.

இனி ப்ளூஸ். இதற்குத்தான் வரப் பயந்துகொண்டிருந்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஆடு வயரைக் கடித்துவிட்டது, நான் பார்த்து ஒட்டிவிட்டு வர ஊர் முனைக்குப் போனேன். நீ செட்டில் உட்கார்ந்திருந்தாய். திரும்பி வரும்போது குழாயில் ஒருவர் தனியாகக் கிடாரை வைத்துக்கொண்டு முனகுகிறார். ஊரே வெளியே வந்து நின்றது. நான் தட்டிக்குள் வந்தேன். எதிரே நீ பார்க்க, கேசட்டைப் பிடுங்கி, டேப்பை முழம் முழமாக உருவி, சமையலுக்கு வெட்டியிருந்த கோட்டை அடுப்பில் போட்டேன். "இந்த எளவ இன்னொருக்க எஞ் செட்டுல போட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று சனத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அது யாரிடமோ நீ இரவல் வாங்கிவந்த கேசட் என்பது பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து நீ என் செட்டைத் தொடவில்லை. உன் பாட்டை அம்மா கேவலமாக நினைக்கிறாள் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன், ஏனென்றால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். நான் வரும் வழியில், பந்தல் வாசலிலேயே பெண்ணின் தாய்மாமன் என்னை மறித்தார். சுற்றிப் பத்துப் பேர். "கலியாண வீட்டுல ஒப்பாரி போடுறியே, ஒனக்கு வேற என்ன வரும்? கட்டுனவன முழுங்குனவ கையில செட்டக் குடுத்தது எங்க தப்பு" என்றார். நீ உள்ளே இருந்தாய், உனக்குக் கேட்கவில்லை. அவரைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தம்பி. சொன்னால் அடுத்த கல்யாணம் கிடைக்காது. அந்த ஆத்திரத்தை எல்லாம் கொண்டுவந்து உன் மேல் கொட்டினேன். அந்த டேப்பை நான் உருவி எரித்தது, அவரை ஒன்றும் செய்ய முடியாததால். தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்க இத்தனை வருடம் ஆனதும் தப்புதான். கேட்டுவிட்டேன், மேலே படி.

நீ வேலைக்குப் போய் முதல் தடவை ஊருக்கு வந்தபோது டிவி மேல் வைத்துவிட்டுப் போன கேசட் அதே ஆல்பம்தான் என்று முதல் பாட்டிலேயே தெரிந்துகொண்டேன். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாய், அழுத்தக்காரன். அதைத்தான் மற்ற எட்டையும் விட அதிகம் கேட்டிருக்கிறேன். அந்த மனுசன் ஒரே வரியை இரண்டு தடவை சொல்கிறார், மூன்றாவது தடவை அதற்குப் பதிலாக வேறொன்று சொல்கிறார். நம் எழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தானே? அந்தத் தாய்மாமன் மனுசன் எப்படியோ, ஆனால் அவருடைய காது நல்ல காது. அது ஒப்பாரிதான். காலால் தாளம் போட்டுக்கொண்டே வைக்கிற ஒப்பாரி. இதையும் உன் இன்னொரு ப்ளூஸையும் கல்யாணத்தில் போட மாட்டேன். போடக் கூடாது என்பதற்காக இல்லை, அதைச் சனம் வெற்றிலை மென்றுகொண்டு கேட்பதை நான் பார்க்க விரும்பவில்லை. நீயும் நீ கட்டப் போகிற பிள்ளையும் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். ஒன்பது ஆல்பத்தில் ஒரு பொம்பளை குரல் கிடையாதே, அது எப்படி? அமெரிக்காவில் பெண்களே பாடுவதில்லையா, இல்லை உன் காதுக்கு வந்து சேர்வதில்லையா? நீ யாரோடு காலம் தள்ளப் போகிறாய் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? போன வாரம், அந்தப் பத்திரிகைத் தாளைப் பார்த்த மறுநாள், புதுக் குழாய் வாங்க மதுரைக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பாயில் பரப்பி வைத்திருந்த கேசட்டுகளில் ஒன்றை அட்டையைப் பார்த்தே எடுத்தேன். ஒரு கறுத்த பெண், பருத்த உடம்பு, மடியில் கிடாரை வைத்துக்கொண்டு வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன், வாயில் நுழையவில்லை. ப்ளூஸ்தான். நடுவில் ஓர் இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். யாரோ எதையோ சொல்லி அவளை மறித்திருக்கிறார்கள், அதற்குச் சிரித்துவிட்டுத் தொடர்ந்து பாடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் முதல் தடவை கேட்டபோது விசும்பி விசும்பி அழுதேன், பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு உன் பெரியப்பா கடைக்குக் கிளம்பினேன். கேசட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பொறுமையாகக் கேள். அடிக்கோடு போட்டிருக்கிறேன் பார்.

பெரியப்பா மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "மகன் தாலி கட்டுறப்ப நான் மேடையில நிப்பேன். அவன் கையில தாலிய எடுத்துக் குடுக்கிறதும் நாந்தேன்."

அவர் கடையாளை வெளியே அனுப்பினார். "ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சியா தாயி?"

"இந்த ஊர்க் கலியாணத்துக்கெல்லாம் செட்டுப் போட்டது யாரு? என் கை பட்ட மைக்குலதான எல்லாருக்கும் கெட்டிமேளம் கேட்டுச்சு? எவ குடியாவது கெட்டுப் போச்சா? சொல்லுங்க."

"நான் ஒன்னைய ஒண்ணும் சொல்லலையே. பொண்ணு வீட்டுக்காரவுக இருக்காக. ஒங்க அக்கா, எம் பொண்டாட்டி, அவ வேற மணையில உக்காரணும்னு பட்டுச்சேலை எடுத்து வச்சிருக்கா" என்று இழுத்தார். பிறகு ஒரு வற்றலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சரி. ஒம் மகன் என்ன சொல்றான்? அவன் நாலு பேருக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லட்டும், எங்கம்மாதான்னு. அதுக்கு மேல நான் வாயத் தெறந்தா என்னான்னு கேளு. ஆனா அவன் சொல்லாம நீயா வந்து நின்னா நல்லாருக்காது தாயி, பாத்துக்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அவர் கெட்டவர் இல்லை. உன் அப்பா போன பிறகு உனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பெரியம்மா மணையில் உட்காரட்டும், பட்டுச்சேலை கட்டட்டும், நான் எதிர்க்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம். இத்தனை கோபத்தோடு ஏன் எழுதுகிறேன் என்றால், இதை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்றுதான். டிரம்பெட் எந்த நிமிடத்தில் ஏறும் என்று நினைவு வைத்திருக்கிறவனுக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டாமா? உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். நான் எப்போதும் பந்தலுக்குப் பின்னால் இருந்தே பார்த்துப் பழகிவிட்டாய், அங்கேதான் என் இடம் என்று நினைத்துவிட்டாய். அது என்னுடைய குற்றமும்தான். நான் ஒரு நாளாவது எழுந்து வந்திருக்க வேண்டும்.

உன் நண்பர்களுக்காக ரயில் தண்டவாள ஆல்பத்தைச் சாப்பாட்டு நேரத்தில் போடுகிறேன், சத்தம் குறைத்து. கன்ட்ரி காலையில், ஜாஸ் சமையல்கட்டில். நான் எழுந்த பிறகு பாட்டை இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். பாளையம்பட்டியில் இன்னொரு செட்டு வைத்திருக்கிறவர் தானே வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் போட்டிக்காரர், ஆனாலும் காரணத்தைச் சொன்னதும் மறுவார்த்தை பேசவில்லை. தட்டி கட்ட வேண்டாம் என்று மண்டபத்தில் சொல்லிவிட்டேன். செட்டை மேடைக்கு எதிரே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைக்கிறேன்.

ஆகவே இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இதற்குப் பதிலாக இன்னொரு ஒன்பது பக்கம் எழுதாதே. ஐயர் தாலித் தட்டைச் சுற்றிக் காட்டி முடித்ததும், நாதஸ்வரத்துக்கு முன்னால் மைக் ஒன்று நிற்கும், உன் கைக்கு எட்டும். யாரையும் பார்க்காதே, பெரியப்பா முகத்தையும் பார்க்காதே. மைக்கை எடுத்து, எங்கம்மா வரணும் என்று ஒரு தடவை சொல். கடைசி வரிசை வரைக்கும் கேட்குமோ கேட்காதோ என்று நீ தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். வால்யூமை நானே வைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

அம்மா